கிராணியை இறக்க நான் எழுதிய மனு

பந்து விளையாட்டைப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. பந்தை எப்படி உதைப்பது என்று ஆட்டக்காரனுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு அது நிற்காது. சங்கத்தை எப்படி நடத்துவது என்று தலைவருக்கும் சொல்லிக்கொடுக்க வாய் அரிக்கும். என் பெரிய மகனுக்கு இந்த வியாதி முற்றிவிட்டது. மாநில அணி தோற்றுவிட்டால் போதும், மறுநாள் காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "இந்தக் கமிட்டிய மொத்தமா தூக்கணும்மா. ஒருத்தனுக்கும் பந்துன்னா என்னான்னு தெரியாதுலா" என்று ஆரம்பிப்பான். நான் அந்தப் பக்கம் திரும்பிக் காப்பி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஏனென்றால் நானும் ஒரு நிர்வாகத்தை இறக்கப் பார்த்தவள்தான். ஜப்பான்காரன் காலத்தில், எனக்கு இருபது வயதில். அந்த முயற்சியில் என் தாலியை நானே அறுத்துக்கொள்ள இருந்தேன். (மகனிடம் இதை அவன் அப்பா ஆயிரம் தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே வருகிறேன். அதனால் என் பங்குக்கு நானே எழுதிவைத்துவிடலாம் என்றுதான் இது.)

எங்கள் தோட்டம் மலாய் நாட்டில் கரங்கான் பக்கம். முந்நூறு பேர் ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்த இடம். அங்கே ஒரு பந்து விளையாட்டுச் சங்கம் இருந்தது. வெள்ளைக்காரத் துரைதான் தலைவர். முட்டிவரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு வருவார், புதுப் பந்தைத் தூக்கிப் போடுவார், இடைவேளையில் போய்விடுவார். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாத நல்ல நிர்வாகம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் ஏறிப் போனவர்தான். பின்னால் விட்டுப் போனது ஒரு நாயையும் இந்தச் சங்கத்தையும். இரண்டையும் பெரிய கிராணி வைத்திலிங்கம் எடுத்துக்கொண்டார். நாய் ஒரு மாதத்தில் ஓடிப் பிழைத்தது.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் பேர்ப்பதிவும் வேலைக் கணக்கும் பார்க்கிறவர். துரை போனபின் தோட்டமே அவர் கையில். தலைவர் அவர், செயலாளர் அவர், ஆட்டக்காரர்களைப் பொறுக்குகிறவர் அவர். அவருக்குக் கீழே நிர்வாகக் குழு என்று ஐந்து பேர். இரண்டு கங்காணிகள், அவர்கள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. ஒரு ஸ்டோர்காரர், அவருக்குக் காது கேட்காது. மீதி இரண்டில் ஒருவர் கிராணியே. இன்னொருவர் அவர் பெண்சாதியின் தம்பி தனபால். தனபால்தான் எங்கள் கோல்காப்பாளர்.

அரிசி இல்லை, துணி இல்லை, உப்பு இல்லை. ரப்பரை வாங்க ஆள் இல்லாமல் பாதி மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளிக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தோம். கோணிச் சாக்கில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்டக்காரர்கள் விளையாடினார்கள். பந்தின் உள்பை கிழிந்துபோனபோது ரப்பர் பாலையே ஊற்றி ஊற்றி ஒட்டினோம். அது தேங்காய் எடைக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் எங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்த ஆட்டம்தான். அதையும் கிராணி கெடுத்தால் பொறுக்க முடியுமா?

குழாயடியில் நாங்கள் பெண்கள் வாளியை வைத்துவிட்டு நிர்வாகத்தை அலசுவோம். அலசலில் எனக்கு அடுத்தபடி பாப்பாத்தியக்கா. லயம் என்கிற பக்கத்து வரிசை வீட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள்.

"பந்து கோலுகிட்ட வந்தா இந்தத் தனபாலு கண்ண மூடிக்கிறான் புள்ள. சாமி கும்புடுறானா, தூங்குறானா?"

"தூங்கிட்டாலும் பரவால்லக்கா, பந்து மேல பட்டாச்சும் திரும்பும். அவன் நவுந்து வழி விடுறான்."

"எடவேளையில பாத்தியா? ஆட்டக்காரனுக்கு அவிச்ச கெழங்க அஞ்சு பேரும் குந்திக்கிட்டுத் தின்னுறானுங்க."

"நாக்காலி வேற! பாடாங்குல நாக்காலியப் போட்டுக்கிட்டு!"

(பாடாங் என்றால் பந்து ஆடுகிற திடல்.) இதெல்லாம் பொதுவான குறைகள். என் சொந்தக் குறை வேறு. என் புருஷன் மாரிமுத்து எங்கள் அணியின் வலது ஓரக்காரர். அவர் ஓடினால் பந்து வளர்த்த கோழி மாதிரி அவர் காலடியிலேயே வரும். கலியாணம் பேசியபோது மாப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று என் அப்பா கேட்டதற்கு, "ஓடத் தெரியும்" என்றுதான் பதில் வந்தது. அப்படிப்பட்டவரைக் கிராணி மூன்று மாதமாக அணியில் சேர்க்கவில்லை. கேட்டதற்கு, "ஒனக்கு மூச்சு எளைக்குது" என்றாராம். மூன்று மைல் மலை ஏறி மரம் வெட்டிவிட்டு விசிலடித்துக்கொண்டு இறங்கி வருகிற மனிதருக்கு மூச்சு இளைக்கிறதாம்!

அவரை மட்டுமல்ல. நன்றாக ஆடுகிற ஒவ்வொருவரையும் கிராணி கழித்துக்கட்டினார். அவர்களுக்குப் பதிலாகக் காலில் புண் உள்ளவர், குளிர்காய்ச்சலில் வயிறு வீங்கியவர், ஐம்பது தாண்டிய நாவிதர் என்று பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தார். ஜப்பான் அதிகாரி பார்க்க வருகிற ஆட்டம் என்றால் இன்னும் மோசம், ஆஸ்பத்திரியிலிருந்தே இரண்டு பேரைக் கூட்டிவந்து நிறுத்துவார். ஏழு கோலில் தோற்றோம். ஒன்பது கோலில் தோற்றோம். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கிராணி நாற்காலியில் உட்கார்ந்து, தோற்கிற தலைவருக்கு இருக்கவேண்டிய வெட்கம் கொஞ்சமும் இல்லாமல், ஒவ்வொரு கோலுக்கும் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாகக்கூட எனக்குத் தோன்றியது.

அவர் மேல் எனக்கு இன்னொரு கோபமும் இருந்தது. சின்னக் கிராணி ஓடிப்போனபின், தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த என்னை இரண்டு மாதம் ஆபீசுக்குக் கூப்பிட்டுச் செக்ரோல் எழுத வைத்தார். யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பேர் பேராக எழுதுகிற பெரிய பதிவு அது. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒருநாள் திடீரென்று, "நீ இனிமே வரவேணாம்மா, நானே எழுதிக்கிறேன்" என்றார். காரணம் சொல்லவில்லை. என் கையெழுத்தைப் பார்த்துப் பொறாமை என்று நானே முடிவுகட்டினேன். (இருபது வயதில் நமக்கு நடக்கிற எல்லாவற்றுக்கும் அடுத்தவர் பொறாமைதான் காரணம்.)

ஆகவே மனு எழுதினேன்.

துரை காலத்தில் மனுவுக்கு என்று ஒரு முறை உண்டு. சோறு சரியில்லை, வேலை வாங்குகிற தண்டல் அடிக்கிறார் என்று எதுவானாலும் காகிதத்தின் நடுவில் எழுதி, சுற்றிலும் வட்டமாகப் பேர்களை எழுதுவார்கள். வட்டத்தில் முதல் பேர் எது, கடைசிப் பேர் எது என்று துரையால் கண்டுபிடிக்க முடியாது. தனியாக எவனையும் பிடித்துத் தண்டிக்க முடியாது. பாப்பாத்தியக்காவும் அதைத்தான் சொன்னாள்.

"வட்டமா எழுது அஞ்சல. நம்ம ஆளுங்க எப்பவும் அப்பிடித்தான் எழுதுவாங்க."

"அது பயந்தாங்கொள்ளிங்க எழுதுறதுக்கா" என்றேன். "நான் எழுதுறது ஆபீஸ் முறையில."

பழைய செக்ரோல் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். வரிசை எண், பேர், வயது, லயத்து எண் என்று பத்தி பத்தியாகப் பிரித்தேன். கிழவர்களும் சீக்காளிகளும் சேர்ந்து போட்ட மனு என்று கிராணி ஒதுக்கிவிடக் கூடாதே என்று பெண்கள் பேரை விட்டேன், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர் பேரையும் விட்டேன். கடைசியில் என் சொந்த மூளையால் ஒரு பத்தி சேர்த்தேன். உடல்நிலை. அதில் ஒவ்வொரு பேருக்கு நேராகவும் 'நல்ல திடம்', 'நல்ல திடம்' என்று நாற்பத்திரண்டு தடவை அச்சு மாதிரி எழுதினேன். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பெருவிரல் ரேகை வாங்கினேன். மேலே மூன்றே வரியில் விஷயம்: ஆடத் தெரிந்தவர்களை ஆடவிடாத தலைவர் வைத்திலிங்கம் விலகவேண்டும், மச்சானையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும், கிழங்கை ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கவேண்டும்.

என் புருஷன் ரேகை வைக்க மறுத்தார்.

"வுடு புள்ள. பந்துதான?"

"பந்துதானவா? ஒங்க மானம் மாமா!"

"என் மானத்துக்கு என்னா, அது பாட்டுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு மத்தியானம் பாயில் சாய்ந்து தூங்கிப்போனார். தூங்குகிறவர் பெருவிரலைத் தூக்கி ரேகை எடுத்து, வரிசை எண் ஒன்றில் அவரை வைத்தேன்.

மனுவை யாரிடம் கொடுப்பது? கிராணியைப் பற்றிக் கிராணியிடமே கொடுக்க நான் என்ன பைத்தியமா? (இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) மேலிடம் என்று ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை லாரியில் வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிற ஜப்பான் அதிகாரி. தடிமனான மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் நாங்கள் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பேர் வைத்திருந்தோம். சந்தை மலாய் பேசுவார். அவர்கள் ராஜாவின் பிறந்த நாளுக்கு எங்களுக்கும் கோலா கெத்தில் தோட்டத்துக்காரர்களுக்கும் ஆட்டம் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரர்தான் விருந்தாளி. நாற்காலியோடு நாற்காலியாகக் கிராணியும் உட்கார்ந்திருக்கும்போதே, ஊர் பார்க்கக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

நாலு மணிக்கு ஆட்டம் என்றார்கள். ஜப்பான்காரன் கடிகாரத்தைத் தன் ஊர் நேரத்துக்குத் திருப்பிவைத்திருந்ததால் அந்த நாலு மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லோரும் கிழக்கே, அவர்கள் ராஜா இருக்கிற திசையைப் பார்த்துக் குனிந்தோம். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்துக் குனிந்தோம். நாவிதரால் குனிந்தபின் நிமிர முடியவில்லை, இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். முதல் பாதியில் நாலு கோல் வாங்கினோம். தனபால் நாலுக்கும் கண்ணை மூடினார். என் புருஷன் எங்களோடு கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, பந்து போகிற பக்கமெல்லாம் தன் கால் கட்டைவிரலைத் திருப்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த பயமும் போய்விட்டது.

இடைவேளை வந்தது. நிர்வாகத்துக்குக் கிழங்கும் வந்தது. நான் தாம்பாளத்தை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, செம்பருத்தி மாலை, அவற்றின் மேல் மனு. துரைக்கு மனு கொடுப்பதென்றால் அப்படித்தான் கொடுப்போம். பாடாங்கின் நடுவே நடந்தேன். பின்னால் நாற்பத்தியொரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்று நான் நடந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகும்.

கண்ணாடிக்காரர் காகிதத்தை எடுத்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். வரிசை எண்ணில் விரலை வைத்துக் கீழே வரை போனார். பிறகு வயதுப் பத்தியில் விரலை வைத்தார். பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்தைந்து. கிழங்கு வாயில் இருக்கக் கிராணியின் முகம் சாம்பலாக மாறியது. பயந்துவிட்டார் என்று எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது.

"இனி அப்பா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார். இது என்ன என்று.

கிராணி கிழங்கை முழுங்கிவிட்டு எழுந்து குனிந்தார். "ஓராங் சாக்கிட், துவான். சீக்காளிகளின் பட்டியல், ஐயா. காய்ச்சலுக்கு மருந்து கேட்கிறார்கள்" என்று மலாயில் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? ஊர் முன்னால், என் எழுத்தை, என் முகத்துக்கு நேராகவே மாற்றுகிறார்! சந்தையில் மீன் பேரம் பேசிப் பேசி என் மலாயும் நன்றாகத்தான் இருந்தது. தாம்பாளத்தை மடாரென்று கீழே வைத்தேன்.

"போஹோங், துவான்! பொய்! செமுவா ஓராங் குவாட்!" என்று கத்தினேன். எல்லோரும் பலசாலிகள். ஒருவருக்கும் சீக்கு இல்லை. போதாக்குறைக்குக் கையை மடக்கிப் புஜத்தையும் காட்டினேன்.

கண்ணாடிக்காரர் கிராணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதல் வரியில் விரலை வைத்து, "இவன் யார்?" என்றார்.

"மாரிமுத்து! என் புருஷன்! அதோ நிற்கிறார்! மான் மாதிரி ஓடுவார், துவான்!"

"அப்படியா? அவனை ஆடச் சொல்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகு என் புருஷன் கோட்டுக்குள் கால் வைக்கப் போகிறார். திரும்பி அவரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அப்போதுதான் கிராணி என் பக்கத்தில் வந்து நின்றார். அதிகாரி பார்க்கிறாரே என்று முகம் முழுக்கச் சிரிப்பை வைத்துக்கொண்டு, தாலாட்டுப் பாடுகிற மெல்லிய குரலில், தமிழில் பேசினார்.

"சண்டாளி. சிரிச்சிக்கிட்டே கேளு. சயாமுல ரயில் ரோடு போடுறானுங்க. காட்டுக்குள்ள. நாப்பது ஆளு குடுன்னு மூணு மாசமா என் கழுத்துல ஒக்காந்திருக்கான். போனவன் எவனும் திரும்பி வரல. தோட்டத்துல இருக்கிறவன் எல்லாம் சீக்காளின்னு செக்ரோல்ல எழுதி வெச்சிருக்கேன். நம்பணுமேன்னுதான் நொண்டியையும் மொடத்தையும் பொறுக்கி அவன் முன்னாடி ஆடவுடுறேன். நீ என்னாடான்னா வயசு போட்டு, லயத்து நம்பர் போட்டு, நாப்பத்திரெண்டு பேர தாம்பாளத்துல வெச்சுக் குடுக்குற. ஒன் புருசன் இப்ப நல்லா ஓடுனான்னா நாளைக்கு லாரி வரும். மொத பேரு அவன்தான்."

சயாம் என்றால் முன்பு நல்ல அரிசி வந்த ஊர் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். "ஏன்யா, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன். சிரிக்கத்தான் முயன்றேன்.

"ஒங்கிட்டயா?" என்றார் கிராணி. "கொழாயடியிலயா?"

அவர் அதிகாரி பக்கம் திரும்பி, தன் நெற்றிப்பொட்டில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "ஓராங் கீலா, துவான். இந்தப் பெண்பிள்ளைக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது. பைத்தியம்" என்றார். என்னிடம், அதே தாலாட்டுக் குரலில், "ஆடு" என்றார்.

ஆடினேன். வேறு என்ன செய்வேன்? அதிகாரிக்கு என்று கட்டிய மாலையை எடுத்து என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். தாம்பாளத்தைத் தலையில் கவிழ்த்தேன். கூந்தலை அவிழ்த்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். எனக்கு மெய்யாகவே சாமி வந்துவிட்டது என்று நினைத்துப் பாப்பாத்தியக்கா வேப்பிலையோடு ஓடிவந்து என் முகத்தில் அடி அடியென்று அடித்தாள். (அவளுக்கு என்மேல் பழைய கோபம் ஏதோ இருந்திருக்கவேண்டும். அந்த அடி சாமிக்கு விழுந்த அடி மாதிரி இல்லை.)

அதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. என் புருஷன் கோணிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கலியாணத்தன்று இருந்ததைவிடச் சந்தோஷமாக உள்ளே இறங்கிவிட்டார். முதல் பந்து வந்தது. இரண்டு பேரை ஏய்த்துத் தாண்டினார். கண்ணாடிக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்போதுதான் உறைத்தது: பைத்தியம் என்ன கத்தினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அதிகாரிக்குத் தமிழும் தெரியாது. இழவு வீட்டு ராகத்தில் எடுத்தேன்.

"ஏ என் ராசா மாரிமுத்தூ... ஓடாத சாமீ ஓடாதே... சயாமுக்கு ஆளு புடிக்கிறான்... நொண்டிக்கோ சாமீ நொண்டிக்கோ... நாப்பது பேரு கேக்குறான்... நாந்தாஞ் சாமீ எழுதிக் குடுத்தேன்..."

மார்பில் அடித்துக்கொண்டு இதையே மூன்று தடவை பாடினேன். மூன்றாவது தடவையில் பாடாங்கைச் சுற்றி நின்ற எங்கள் ஆட்களுக்குப் புரிந்தது. நாற்பத்தியொரு திடகாத்திரமான ஆதரவாளர்களும் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் உட்கார்ந்து இருமத் தொடங்கினார்கள். பாப்பாத்தியக்கா வேப்பிலையைப் போட்டுவிட்டு, "விழுடா தம்பி, விழுந்து தொல!" என்று அலறினாள்.

இதில் நான் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. கோலா கெத்தில்காரர்களும் தமிழர்கள்தானே? அவர்கள் தோட்டத்துக்கு லாரி ஏற்கெனவே ஒரு தடவை வந்து போயிருக்கிறது. அவர்களுடைய நடுக்காரன் ஒருவன், யானை மாதிரி இருப்பவன், என் பாட்டைக் கேட்டு ஒரு நிமிஷம் நின்றான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் படுத்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னொருவன். அப்புறம் அவர்கள் கோல்காப்பாளன் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தான், குளிர்காய்ச்சலாம். இரண்டு அணியும் நொண்டியது. பந்து பாடாங்கின் நடுவில் அனாதையாகக் கிடந்தது. அதன் பக்கம் போக யாருக்கும் தைரியம் இல்லை. உண்மையிலேயே நிமிர முடியாத நாவிதர் ஒருவர்தான் விஷயம் புரியாமல், எல்லோருக்கும் என்ன வந்தது என்று கேட்டுக்கொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர்தான் பந்தை உதைத்தார். அது உருண்டு உருண்டு நேராக என் புருஷனின் காலுக்கு வந்தது. அவருக்கு முன்னால் கோல். கோலில் ஆள் இல்லை, ஆள் கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். ஐந்தடி தூரம். மூன்று மாதமாக அந்தக் கால் அந்தப் பந்துக்காக ஏங்கியது. அவர் பந்தைப் பார்த்தார். கோலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பாட்டை நிறுத்திவிட்டேன். மாலையும் தாம்பாளமுமாக நின்றுகொண்டு வெறுமனே அழுதேன். அது மட்டும் நடிப்பில்லை.

அவர் காலை ஓங்கினார். ஓங்கிய கால் பந்தைத் தொடாமல் காற்றில் போயிற்று. அப்படியே மல்லாந்து விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஆடு கத்துகிற மாதிரி கத்தினார்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுப் பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். "செமுவா சாக்கிட்" என்று வெறுப்போடு சொல்லிவிட்டுக் காகிதத்தை நாற்காலியில் போட்டார். எல்லோரும் நோயாளிகள். அப்புறம் ஒரு உத்தரவு போட்டார்: இந்தத் தோட்டத்தில் நாளை முதல் தினமும் காலையில் எல்லோரும் உடற்பயிற்சி செய்யவேண்டும். லாரி போய்க் கண்ணுக்கு மறைகிறவரை குனிந்தே நின்றோம். நிமிர்ந்து பார்த்தால் கிராணி மனுவைச் சுருட்டி, தாம்பாளத்திலிருந்து சிதறிய வெற்றிலை பாக்கோடு சேர்த்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

அந்தக் காகிதத்தால் ஒருவரும் சயாமுக்குப் போகவில்லை. ஆனால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கினானே அந்தக் கோலா கெத்தில் பையன், அவனை இரண்டு மாதம் கழித்துச் சந்தைச் சாலையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. அவன் பேர்கூட எனக்குத் தெரியாது. எங்களுக்காக அன்று அவன் ஒரு கோலைத் திறந்துவைத்தான்.

எனக்குக் கிடைத்த தண்டனை, ஜப்பான்காரன் போகிறவரை நான் பைத்தியமாக இருக்கவேண்டியிருந்தது. கண்ணாடிக்காரர் வருகிற ஒவ்வொரு மாதமும் மாலை, தாம்பாளம், ஆட்டம். ஒருமுறை அவர் இரக்கப்பட்டு எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அதையும் தோலோடு தின்னவேண்டியிருந்தது.

சண்டை முடிந்து துரை திரும்பி வந்தபின் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வைத்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் கிராணி வைத்திலிங்கத்துக்கே கையைத் தூக்கினோம். இனித் தோற்கவேண்டிய அவசியம் இல்லையே, இனிமேல் பாருங்கள் என்று பெருமையாகக் காத்திருந்தோம். முதல் ஆட்டத்துக்கு அவர் அணியை அறிவித்தார். கோல்காப்பாளர் தனபால். வலது ஓரம் நாவிதர். எட்டு கோலில் தோற்றோம். அப்போதுதான் தெரிந்தது, அந்த மனிதருக்கு மெய்யாகவே ஆள் பொறுக்கத் தெரியாது. ஜப்பான்காரனுக்காக அவர் தனியாக ஒரு சிரமமும் பட்டிருக்க வாய்ப்பில்லை. இடைவேளையில் நிர்வாகம் கிழங்குக்குப் பதில் பிஸ்கட் தின்றது. யாரால் வாயைத் திறக்க முடியும்? ஓய்வு பெறுகிறவரை பன்னிரண்டு வருஷம் அவர்தான் தலைவர். நான் கோட்டோரம் நின்று முணுமுணுத்தால் நாற்காலியிலிருந்து திரும்பி, "என்னாம்மா அஞ்சல, பேப்பர் எதுவும் வேணுமா?" என்பார்.

மாரிமுத்துவையும் அவர் கடைசிவரை சேர்க்கவில்லை. சேர்க்கச் சொல்லி இவரும் கேட்கவில்லை. கண்ணாடிக்காரருக்காக மாதாமாதம் நொண்டி நொண்டி, இவருக்கு நொண்டுவது பழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வாருங்கள் என்றால் வலது கால் தானாக இழுக்கும். போன மாதம் மகன் அவரைச் சுங்கை பட்டாணியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, முழங்கால்ல ஒண்ணுமே இல்லயே. எத்தன வருசமா இப்பிடி நடக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"அது சீக்கு இல்ல டாக்டர்" என்றாராம் இவர். "என் பொண்டாட்டி எழுதிக் குடுத்தது."